பதிவுக் கடையின் நோட்டுப் புத்தகம்

1980களில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கடைத்தெருவில் மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே கட்டாயம் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. பலகையில் ‘மியூசிக்கல்ஸ்’ என்றோ ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்றோ எழுதியிருக்கும். பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவற்றை இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுப்பது அங்கே தொழில். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்தான் இந்தத் தொழில் தழைத்தது. ஆனால் இன்று ‘எண்பதுகளின் பாடல்கள்’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லும் தொகுப்பு, வானொலி நிலையத்திலோ இசைத்தட்டு நிறுவனத்திலோ உருவானதைவிட இந்தக் கடைகளின் மேசை மேல்தான் அதிகம் உருவானது.

அதற்கு முன்பு பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேட்பவர் கையில் இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். தட்டும் கிராமபோனும் வசதியான வீடுகளில் மட்டுமே இருந்தன. பிறகு 45 சுற்று இ.பி. தட்டுகளும், 33⅓ சுற்று எல்.பி. தட்டுகளும் வந்தன. எல்.பி.யில் ஒரு படத்தின் எல்லாப் பாடல்களும் அடங்கின. ஆனால் அதை இசைக்கத் தட்டியக்கி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் தேவைப்பட்டதால் நடுத்தரக் குடும்பம்கூட யோசித்துத்தான் வாங்கியது. இசைத்தட்டுகளின் பெரிய வாடிக்கையாளர் மைக் செட்காரர்தான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் மரத்திலோ மூங்கிலிலோ குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, தட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதில் எழுதாத ஒழுங்கு ஒன்று அவரிடம் உண்டு. விடியலில் சீர்காழி கோவிந்தராஜன், டி.எம். சௌந்தரராஜன் பாடிய பக்திப் பாடல்கள், ஆடி மாதத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள், முஸ்லிம் வீட்டு நிகழ்ச்சியிலும் தி.மு.க. மேடையிலும் நாகூர் ஹனிபா. பொழுது ஏறிய பிறகே சினிமாப் பாட்டு. ஊரே கேட்டது, என்ன கேட்பது என்பதை முடிவு செய்தவர் ஒருவர்.

வானொலியின் நிலைமையும் அதுவே. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952 முதல் 1962 வரை இருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரம் சுருங்கியது. பட உரிமையாளர்களுடன் தகராறு மூண்டது. அந்த இடைவெளியில் ஆதாயம் அடைந்தது கொழும்பு. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட வலுவான அலைபரப்பிகள் இலங்கை வானொலிக்குக் கிடைத்திருந்தன. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவை, இந்தியா முழுக்கத் திரைப்பாடல் கேட்க விரும்பியவர்களைத் தன்பக்கம் இழுத்தது. தில்லி விழித்துக்கொண்டு 3 அக்டோபர் 1957இல் விவித பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் கொழும்பின் செல்வாக்கு குறையவில்லை. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் நடிகர்களின் குரல்களுக்கு இணையாகத் தெரிந்திருந்தன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, இரவில் ‘இரவின் மடியில்’, இடையில் பிறந்தநாள் வாழ்த்துகள். ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கத்து வீடுகளில் கடிகாரத்தைப் பார்க்காமலேயே நிகழ்ச்சியை வைத்து நேரம் சொன்னவர்கள் உண்டு.

‘நேயர் விருப்பம்’ என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது உண்மை. அஞ்சலட்டையில் பாட்டின் பெயரும் வீட்டாரின் பெயர்களும் எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாட்டு வருவதற்கு முன் ஊர்ப் பெயரும் ஆட்பெயரும் நீண்ட வரிசையாக வாசிக்கப்படும். கேட்ட பாட்டு மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மனப்பாடம் செய்ய நினைத்தவர்கள் கொட்டகை வாசலில் சில பைசாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகத்தை வாங்கினார்கள். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிக்கும் மலிவுத் தாள் வெளியீடு அது. தொலைக்காட்சியும் இந்த நிலையைப் பெரிதாக மாற்றவில்லை. சென்னை தூர்தர்ஷன் 15 ஆகஸ்ட் 1975இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவின் ‘ஒலியும் ஒளியும்’ தெருவைக் காலியாக்கியது. ஆனாலும் அது வாரம் ஒரு முறைதான், சில பாடல்கள்தான், அவையும் நிலையம் பொறுக்கிய பாடல்கள்.

கேட்பவர் பொறுக்க வழி செய்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கருவி அது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. இசைத்தட்டுக்கும் இதற்கும் இருந்த வேறுபாடு ஒலித் தரத்தில் இல்லை. சொல்லப்போனால் தரத்தில் தட்டே மேல். நாடாவில் வீட்டிலேயே பதியலாம், அழிக்கலாம், மறுபடி பதியலாம் என்பதுதான் வேறுபாடு. தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேண்டும். கேசட் பதிய ஒரு மேசை போதும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கருவி கடல் கடந்து வந்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களில் டூ-இன்-ஒன் முதலிடம் பெற்றது. ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் ஒரே பெட்டியில் இருந்ததால் அந்தப் பெயர். நேஷனல் பானசோனிக் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது வெளிநாட்டிலிருந்து வந்தவரின் அடையாளம். சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்கள் வழியாகவும் பெட்டிகள் வந்தன. சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக ஏற்பட்ட பர்மா பஜாரில் அவை கைமாறின. அதே பஜாரில் டி.டி.கே., சோனி, மேக்ஸெல் வெற்றுக் கேசட்டுகளும் கிடைத்தன. போலிகளும் அதே அட்டையில் கிடைத்தன என்பதால் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். இறக்குமதி விதிகள் தளரத் தொடங்கி, உள்நாட்டிலேயே நாடாவும் கருவியும் தயாரானபோது விலை இறங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஆசிரியர், குமாஸ்தா, சிறு கடைக்காரர் வீட்டிலும் டேப் ரிக்கார்டர் நுழைந்தது.

கருவி வந்த நேரமும் பாட்டு மாறிய நேரமும் ஒன்றாக அமைந்தன. 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தில் அறிமுகமான இளையராஜா, 1980இல் வெளிவந்த ‘மூடுபனி’யில் நூறாவது படத்தைத் தொட்டுவிட்டார். 1987இல் ‘நாயகன்’ நானூறாவது. சில ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அவருடைய பாடல்களில் சரணங்களுக்கு நடுவே வரும் இசைக்குத் தனி வாழ்வு உண்டு. கிதாரும் பேஸ் கிதாரும் வயலின் வரிசையும் புல்லாங்குழலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்தப் பகுதிகள், குழாய் ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சலாகக் கலந்துபோகும். வீட்டில் உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால்தான் அவை பிரிந்து விழும். தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிந்த முதல் படப் பாடல்கள் என்று சொல்லப்படும் ‘ப்ரியா’ 1978இல் வெளிவந்தது. பேஸ் கிதார் என்ற கருவி ஒன்று இருப்பதையே பலர் டேப் ரிக்கார்டர் வந்த பிறகுதான் அறிந்தார்கள். பதிவுக் கடைக்காரர்களுக்கு இது தொழில் ரகசியமே. புதிதாகப் பெட்டி வாங்கியவர் கடைக்குள் நுழைந்தால் அவருக்கு முதலில் போட்டுக் காட்டுவது, இடமும் வலமும் ஒலி தெளிவாகப் பிரிந்த இளையராஜா பாட்டாகத்தான் இருக்கும்.

கடையின் அமைப்பு எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றே. முன்புறம் கண்ணாடி அலமாரி, அதில் எல்.பி. உறைகள் முகம் தெரியும்படி நிறுத்தியிருக்கும். புதுப்பட உறை கயிற்றில் தொங்கும். உள்ளே தட்டியக்கி, ஆம்ப்ளிஃபயர், இரண்டோ மூன்றோ டெக், சிவப்பும் பச்சையுமாக விளக்கு ஏறி இறங்கும் ஈக்வலைசர். வாசலில் தெருவைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி. உரிமையாளரோடு ஒரு பையன் இருப்பான். பதிவு வேலையைப் பெரும்பாலும் அவன்தான் செய்வான். மேசை மேல் நீளவாக்கில் தைத்த தடித்த நோட்டுகள் இரண்டு. ஒன்றில் கடையில் உள்ள படங்களின் பெயர் அகரவரிசையில், ஒவ்வொன்றின் கீழும் பாடல்கள். மற்றொன்று ஆர்டர் நோட்டு: வாடிக்கையாளர் பெயர், கேசட்டின் வகை, பாடல் வரிசை, கொடுக்க வேண்டிய நாள், முன்பணம்.

வேலையின் நுணுக்கம் கணக்கில் இருந்தது. சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாடா ஏறத்தாழ 90 மீட்டர். சி-90 என்றால் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், 135 மீட்டர். அதே அளவு பெட்டிக்குள் கூடுதல் நாடாவை அடக்க வேண்டியிருப்பதால் சி-90இன் நாடா மெல்லியது. மலிவான பெட்டியில் சிக்கிக்கொள்ளும். சி-120ஐக் கடைக்காரர்களே வேண்டாம் என்பார்கள். நான்கரை நிமிடப் பாட்டு என்று வைத்தால் சி-60இல் பக்கத்துக்கு ஆறு, அதிகம் போனால் ஏழு. பன்னிரண்டு பாட்டுக்கு இடமுள்ள கேசட்டுக்குப் பதினாறு பாட்டு எழுதி வருவது வாடிக்கையாளரின் வழக்கம். எதை விடுவது என்று கேட்டால் எதையும் விட மனம் வராது. பையன் தட்டின் ஒட்டுத்தாளில் அச்சிட்ட நேரத்தைப் பார்த்துக் கூட்டிக் கழித்து, நீளமான பாட்டோடு குட்டையான பாட்டைச் சேர்த்து, பக்கம் முடியும் இடத்தில் பாட்டும் முடியும்படி வரிசையை மாற்றுவான். கணக்கு தப்பினால் கடைசிச் சரணம் நடுவில் அறுந்துபோகும். மறுநாள் சண்டை வரும். மிச்சம் ஒன்றரை நிமிடம் விழுந்தால் ஏதாவது ஒரு படத்தின் தீம் இசையைப் போட்டு நிரப்புவான். அதனால் பல வீடுகளில், எந்தப் படம் என்று தெரியாத ஒரு துண்டு இசை பல ஆண்டுகள் பிடித்த இசையாக இருந்தது.

பதிவு நேரடியாக ஓடும் நேரத்திலேயே நடக்க வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டை மாற்றி, தூசி துடைத்து, ஊசியைச் சரியான வரியில் இறக்கி, நாடாவின் ‘பாஸ்’ பொத்தானை விட வேண்டும். ஊசி இறங்கும் ‘டப்’ ஒலி பதிவில் விழாமல் பார்த்துக்கொள்பவன்தான் கைதேர்ந்தவன். தேய்ந்த தட்டின் கீறல் அப்படியே கேசட்டுக்கு ஏறும். இன்று அதே பாட்டைத் துல்லியமான பதிவில் கேட்கும்போது, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் கீறல் வராததைக் குறையாக உணரும் காதுகள் இருக்கின்றன. பண்டிகைக் காலத்தில் ஆர்டர் குவிந்தால் டெக்குக்கு டெக் இரட்டை வேகத்தில் நகல் எடுத்தார்கள், தரம் அடிவாங்கியது. ‘எக்கோ’ ஏற்றியும் பேஸைக் கூட்டியும் பதிந்து தருவதைத் தனிச் சிறப்பாக விளம்பரம் செய்த கடைகளும் இருந்தன. அந்தப் பதிவுகளில் பாடகி எஸ். ஜானகியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆனாலும் பேருந்து ஓட்டுநர்கள் அதைத்தான் விரும்பினார்கள். பதிவு முடிந்ததும் கேசட்டின் பின்புறத்துச் சிறு பிளாஸ்டிக் மடலை உடைத்துவிடுவார்கள். வீட்டுக் குழந்தை பொத்தானை அமுக்கிப் பாட்டை அழித்துவிடாமல் இருக்க அது காப்பு. அலுத்துப்போன கேசட்டில் புதிதாகப் பதிய விரும்பினால் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும்.

ஆர்டர் நோட்டுகளில் என்ன இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சாரமான பகுதி. படத்தின் வெற்றி தோல்விக்கும் அந்த வரிசைகளுக்கும் தொடர்பு குறைவு. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ 1980இல் ஓடவில்லை. வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமான அந்தப் படத்தின் பாடல்களோ இன்றுவரை நிற்கின்றன. ஸ்ரீதரின் ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) அதேபோல் கொட்டகையில் தோற்று, கேசட்டில் வென்றது. குழாய் ஒலிபெருக்கிக் காலமாக இருந்தால் படம் தூக்கப்பட்ட சில வாரங்களில் அந்தப் பாடல்களும் ஒதுங்கியிருக்கும். பதிவுக் கடையில் ஒரு தட்டு இருந்தால் போதும். கேட்டவர் வீட்டுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. பாட்டு படத்திலிருந்து கழன்று தனியாக வாழத் தொடங்கிய இந்த மாற்றத்தைத் திரைப்பட வரலாறு எழுதுபவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் கொட்டகை வசூலையே அளவாகக் கொண்டார்கள்.

வரிசைகள் பொதுவாகச் சில வகைக்குள் அடங்கின. பாடகரை வைத்துத் தொகுப்பது முதன்மையானது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியவை மட்டும், யேசுதாஸ் பாடியவை மட்டும் என்று முழுக் கேசட் கேட்பவர்கள் அதிகம். நடிகர் மோகன் நடித்த படங்களுக்கு என்றே தனிக் கேசட் இருந்தது. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982), ‘உதய கீதம்’ (1985), ‘இதயக் கோவில்’ (1985) எல்லாவற்றிலும் அவர் பாடகராக வந்து மைக் பிடித்ததால் ‘மைக் மோகன்’ என்ற பெயரே நிலைத்தது. பாடியது பெரும்பாலும் எஸ்.பி.பி.; பேசியது எஸ்.என். சுரேந்தர். அடுத்தது மனநிலையை வைத்துத் தொகுப்பது. ‘சோகப் பாடல்கள்’ என்று அட்டையில் எழுதிய கேசட் இல்லாத கல்லூரி விடுதி அறை அபூர்வம். அதில் டி. ராஜேந்தரின் இடம் தனி. 1980இல் ‘ஒருதலை ராகம்’ ஓராண்டுக்கும் மேல் பேசப்பட்ட படமானது. அதன் பாடல்கள் ஒருதலைக் காதலுக்கு ஆண்டுக்கணக்கில் மொழி கொடுத்தன. மூன்றாவது வகை, வயதில் மூத்தவர்களுடையது: எம்.எஸ். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைத்த பாடல்கள், கண்ணதாசனின் தத்துவப் பாடல்கள். கண்ணதாசன் 1981 அக்டோபரில் சிகாகோவில் காலமான பிறகு அவருக்கென்று தனிக் கேசட் கேட்பது கூடியது. எண்பதுகளின் கடையில் அறுபதுகளின் இளமையும் விற்பனையானது என்பதை மறக்கக் கூடாது. பழைய 78 தட்டுகளில் தேங்கியிருந்த பாடல்கள் புதிய ஆயுள் பெற்றது இந்த மூத்த வாடிக்கையாளர்களால்தான்.

நான்காவது வகை நோட்டில் வேறு பெயரில் பதிவாகும். பாட்டு வரிசையையே கடிதமாக எழுதும் காதலர்கள் உண்டு. சொல்லத் துணியாததைப் பன்னிரண்டு பாட்டால் சொல்லி, உறையில் பெயர் எழுதாமல் கொடுத்தனுப்புவார்கள். பையன் வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வான். வெளியே சொல்ல மாட்டான். பெண்கள் கடைப்படி ஏறுவது சிற்றூர்களில் குறைவு என்பதால், அண்ணன் தம்பி கையில் தாள் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தாள்களில் எஸ். ஜானகியும் வாணி ஜெயராமும், பத்தாண்டின் பிற்பகுதியில் சித்ராவும் நிறைந்திருந்தார்கள். ‘சிந்து பைரவி’ 1985இல் சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருதுகளைக் கொண்டுவந்தது. அந்தக் கேசட்டைப் பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இருந்த வீடுகள் தேடி வாங்கின.

பேருந்துகள் இந்தத் தொழிலின் பெரிய பரப்புநர்கள். தனியார் பேருந்துகளில் டேப் டெக்கும் வரிசையாக ஸ்பீக்கரும் வைப்பது போட்டியாகவே நடந்தது. ஒரே தடத்தில் இரண்டு வண்டிகள் ஓடினால் நல்ல பாட்டு போடும் வண்டிக்காகப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் அரை மணி காத்திருந்தார்கள். ஒரு பேருந்தில் கேட்ட பாட்டை நடத்துநரிடம் படம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு நேரே பதிவுக் கடைக்குப் போனவர்கள் ஏராளம். தேநீர்க் கடை, முடிதிருத்தகம், தையல் கடை எல்லாம் இதே வழியில் விளம்பர நிலையங்களாகச் செயல்பட்டன. மைக் செட்காரரும் தட்டுப் பெட்டியை ஒதுக்கிவிட்டுக் கேசட்டுக்கு மாறினார்.

இந்தத் தொழில் முழுக்கச் சட்டத்துக்கு வெளியே நடந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவை நகலெடுத்து விற்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒரு தட்டை வாங்கிய கடை அதிலிருந்து எத்தனை கேசட் பதிந்தாலும், பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ நிறுவனத்துக்கோ ஒரு பைசா போகவில்லை. 1984இல் சட்டம் திருத்தப்பட்டது. திருட்டுப் பதிவுக்குக் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதம் ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை என்று தண்டனை கூடியது. உறையில் தயாரித்தவர், உரிமையாளர் பெயரும் ஆண்டும் அச்சிடுவது கட்டாயமானது. அவ்வப்போது சோதனைகள் நடந்தன. அலமாரியிலிருந்த கேசட்டுகள் சில நாள் மறைந்து மறுபடி வந்தன.

இதற்கு நிறுவனங்களும் பொறுப்பாளிகள். நெடுங்காலம் சந்தையைத் தனியே ஆண்ட எச்.எம்.வி. நாடாவுக்கு மாறுவதில் மெத்தனமாக இருந்தது. அதன் தாய் நிறுவனமான கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவே 1985இல் ஆர்.பி. கோயங்கா குழுமத்துக்குக் கைமாறியது. வடக்கே குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் பாதி விலைக் கேசட்டுகளை மளிகைக் கடைவரை கொண்டுபோய் விற்றுச் சந்தையைப் புரட்டிப்போட்டது. தமிழில் இன்ரிகோ, எக்கோ, ஏ.வி.எம்., சங்கீதா போன்ற பெயர்கள் முன்னுக்கு வந்தன. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பெரும் பகுதி எக்கோ முத்திரையோடு வெளியானது. இவர்கள் விற்றது ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் மற்றொரு படம் என்ற கேசட். வாடிக்கையாளர் கேட்டதோ பன்னிரண்டு படத்திலிருந்து பன்னிரண்டு பாட்டு. இந்தத் தேவையை நிறுவனங்கள் கடைசிவரை நிறைவேற்றவில்லை. பதிவுக் கடை செய்தது குற்றம்தான். ஆனால் கேட்பவர் என்ன விரும்பினார் என்பதை அது மட்டுமே காது கொடுத்துக் கேட்டது.

சரிவு படிப்படியாக வந்தது. பதிந்த கேசட்டின் விலை இறங்கி, வெற்றுக் கேசட்டும் பதிவுக் கூலியும் சேர்ந்த தொகைக்கு அருகில் வந்தபோது முதல் அடி விழுந்தது. 1991இல் ‘தளபதி’, 1992இல் ‘ரோஜா’ ஆகிய படங்களின் பாடல்களை லஹரி நிறுவனம் வெளியிட்டது. வாங்குவதற்கு வரிசை நின்ற கேசட்டுகள் இவை. ‘ரோஜா’வுக்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிக்கலவை, தேய்ந்த தட்டிலிருந்து எடுத்த நகலில் எடுபடவில்லை. அசல் கேசட்டையே வாங்கத் தூண்டியது. 14 ஏப்ரல் 1993இல் சன் டிவி தொடங்கிய பிறகு பாட்டு நாள் முழுக்க வீட்டுக்குள் ஓடியது. எல்.பி. தட்டு அச்சடிப்பது நின்றதால் பதிவுக்கான மூலமே இல்லாமல் போனது. குறுந்தகட்டை வைத்துச் சில கடைகள் மேலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. பிறகு ஒரே தகட்டில் நூற்றைம்பது பாடல் அடங்கும் எம்.பி.3 வந்தது. எதை விடுவது என்ற கேள்வியே இல்லாமல் போனதும் கணக்குப் போட்டுக் கொடுத்த பையனுக்கு வேலை இல்லாமல் போனது. கடைகள் செல்போன் பழுதுபார்க்கும் இடமாகவும் நகலகமாகவும் மாறின.

அந்தப் பத்தாண்டின் பாடல்கள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை. இளையராஜாவும் இசை நிறுவனங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாதாடி வருகிறார்கள். 2024இல் வெளிவந்த மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, 1991இன் ‘குணா’ பாடலைப் பயன்படுத்தியதற்கு அவர் தரப்பு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது. சரிகம என்று பெயர் மாறிய பழைய எச்.எம்.வி.யோ, 2017இல் ‘கார்வான்’ என்ற வானொலி வடிவப் பெட்டியை இறக்கியது. பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், மனநிலை என்று வகைபிரித்து முன்கூட்டியே பாடல்களை ஏற்றிய பெட்டி அது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பதிவுக் கடைப் பையன் தாளில் பிரித்த அதே வகைகள்.

இந்திப் பாடல்களுக்கு அமீன் சயானி தொகுத்தளித்த ‘பினாகா கீத்மாலா’ 1952இன் கடைசியில் தொடங்கியது, பின்னர் அதில் வந்த தரவரிசையை ஆய்வாளர்கள் சான்றாகக் கொள்கிறார்கள். தமிழில் அவ்வளவு காலம் தொடர்ந்த, எல்லோரும் ஒப்புக்கொண்ட தரவரிசை எதுவும் இல்லை. அதன் இடத்தை நிரப்பக்கூடியவை பதிவுக் கடைகளின் ஆர்டர் நோட்டுகள் மட்டுமே. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பாட்டை, எந்தப் பாட்டோடு சேர்த்துக் கேட்டார்கள் என்பது அவற்றில் தேதியோடு இருக்கிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தெருவில் விற்ற பாட்டுப் புத்தகங்களைக்கூடச் சேகரித்துப் பாதுகாத்துவருகிறது. மூடிய கடைகளின் பரணில் கிடக்கும் நோட்டுகளுக்கும் அப்படியொரு இடம் வேண்டும். அவற்றை வைத்திருப்பவர்கள் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுமுன் ஓர் ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.